கயிறு பிடிப்பவன்

"சனிக்கிழமை ஆனா நாயைக் குளிப்பாட்டி, உடம்பைச் சீவி, எங்க கூட்டிட்டுப் போறிய தம்பி?" என்று எதிர் வீட்டு அண்ணாச்சி ஒரு நாள் கேட்டார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எது நடந்தாலும் அவருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

"முதியோர் இல்லத்துக்கு" என்றேன்.

"யாரையாவது கடிச்சிட்டானா?"

"இல்லை அண்ணாச்சி. அவனுக்கு அங்கே ஒரு வேலை."

"என்ன வேலை, காவலா?"

"காவல் இல்லை. அங்கே இருக்கிற பெரியவர்கள் பக்கத்திலே போய்ச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் வேலை."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த வேலையிலே இன்னொரு இடம் காலி இருந்தா கேட்டுச் சொல்லுங்க. எனக்கு அனுபவம் உண்டு" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னாலும், அந்தச் 'சும்மா'வைக் கற்றுக் கொடுக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. அதிலும் நாய்க்குப் பிடித்தது கொஞ்சம்; எனக்குப் பிடித்ததுதான் அதிகம்.

நாயின் பெயர் தோணி. கிரிக்கெட் ஆட்டக்காரர் ஞாபகமாக வைத்த பெயர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் மகள் இதுவரை ஒரு நூறு பேருக்காவது விளக்கம் சொல்லியிருப்பாள். எங்கள் ஊர்ப் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிறதே, அந்தத் தோணி. இவனும் அப்படி மிதந்து வந்தவன்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஜில்லாக்காரர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தூத்துக்குடி மழைக்குப் பழகிய ஊர் இல்லை. வெயிலை நம்பி உப்புக் காய்ச்சுகிற ஊர். எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வீட்டுக்குள் முழங்கால் அளவு. இரண்டாம் நாள் காலையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது, மீன் ஏற்றுகிற தெர்மக்கோல் பெட்டி ஒன்று தெருவோடு மிதந்து வந்து எங்கள் வாசல் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் பிறந்து ஐந்து வாரம்கூட ஆகாத ஒரு செவலைக் குட்டி. நனைந்த துணி மாதிரி இருந்தது. கத்தக்கூட அதற்குத் தெம்பு இல்லை. என் மகள் கேட்டைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

வெள்ளம் வடிகிற சமயத்தில், முற்றத்துச் சேற்றில் வழுக்கி என் தாயார் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவள் அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. எட்டு மாதம் கிடந்தாள்.

நாயை நடையைத் தாண்ட விடாத குடும்பம் எங்களுடையது. அம்மாவின் சட்டம் அது. குட்டி முதல் தடவை அவள் அறைக்குள் நுழைந்தபோது, "ஏலே, இதை எதுக்கு உள்ள விட்டே?" என்று கத்தினாள். குட்டி பயந்து வெளியே ஓடியது. பத்து நிமிஷத்தில் திரும்ப வந்து கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. இப்படி ஒரு வாரம். அப்புறம் அம்மா கத்துவதை விட்டுவிட்டாள். இன்னும் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவளுடைய வலது கை கட்டிலிலிருந்து கீழே தொங்குகிறது. விரல்கள் நாயின் காதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் அத்தியாயம் போயாக வேண்டும். ராத்திரி அம்மாவின் அறையில் போய் உட்காருவேன். ஐந்து நிமிஷம் ஆனதும் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். "நீ போய் எழுதுலே. இவன் இருக்கான்" என்பாள். நான் எழுந்து போய்விடுவேன். அவள் சொன்னதால்தான் போனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தொடர்கதை நன்றாக வந்தது. அம்மா 2024 ஆகஸ்டில் போய்விட்டாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகும் தோணி அந்தக் காலிக் கட்டிலின் கீழேதான் படுத்தான். என் நண்பர் ஒருவர் கால்நடை மருத்துவர். இவனுக்கு ஊசி போட வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அசையாமல் கிடக்கிற மனுஷர் பக்கத்திலே அசையாமல் கிடக்க எல்லா நாய்க்கும் வராது. இவனை வேலைக்கு அனுப்பலாமே" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். கண் தெரியாதவருக்கு வழி காட்டுகிற நாய் ஒரே எஜமானுக்கு உழைப்பது. இது வேறு. எஜமானோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக்கும் இல்லங்களுக்கும் போய், முன்பின் தெரியாதவர்கள் தொட்டுத் தடவ, பொறுமையாக இருந்து, அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்துவிட்டு வருகிற நாய். சிகிச்சை நாய் என்கிறார்கள்.

உடனே பிடித்துக்கொண்டேன். ஏன் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டேன் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். எனக்குத்தான் அது புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காதவன் நான். ஆனால் ஒரு விஷயத்தில் இறங்கினால் புஸ்தகங்களைத் தேடித் தின்றுவிடுகிற வழக்கம் உண்டு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் எழுதிய நர்ஸிங் குறிப்புகளிலேயே, நெடுநாள் நோயாளிக்கு ஒரு சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஓர் ஆந்தைக் குஞ்சை வளர்த்தவர். மனோதத்துவ மேதை பிராய்டு, நோயாளிகளோடு பேசும்போது ஜோபி என்ற தம் நாயைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இதை ஒரு முறையாகச் செய்தவர் நியூயார்க்கில் குழந்தைகளுக்கு மனநோய் வைத்தியம் செய்த போரிஸ் லெவின்சன். 1950-களில் ஒரு நாள், யாரோடும் ஒட்டாத ஒரு பையனைப் பெற்றோர்கள் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையிலேயே இருந்தது. ஓடிப்போய்ப் பையனை நக்கியது; பையன் பயப்படாமல் அதைக் கட்டிக்கொண்டான். அந்த நாயின் வழியாகத்தான் வைத்தியர் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர முடிந்தது. 1961-ல் மனோதத்துவக்காரர்களின் மகாநாட்டில் லெவின்சன் இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்களாம். எங்கள் எதிர் வீட்டு அண்ணாச்சி எல்லா ஊரிலும் இருக்கிறார்!

நம் பக்கத்துக்கு இது தாமதமாகவே வந்தது. ஹாங்காங்கில் ஜில் ராபின்ஸன் என்ற பெண்மணி 1991-ல் தம் மாக்ஸ் என்ற நாயோடு 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். பின்னால் சென்னையில் புளூ கிராஸ்காரர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். மும்பையில் 'அனிமல் ஏஞ்சல்ஸ்' என்ற ஓர் அமைப்பு, மனோதத்துவம் படித்தவர்களைக் கொண்டே இந்தக் காரியத்தைச் செய்கிறது. தூத்துக்குடியில் எனக்குக் கிடைத்த ஆசிரியர் என் டாக்டர் நண்பர் ஒருவர்தான்.

"லாப்ரடார் இல்லையே, பரவாயில்லையா?" என்று அவரிடம் கேட்டேன். எங்கள் ஜில்லாவும் சுற்றுவட்டாரமும் நாய்க்குப் பேர்போனவை. கோவில்பட்டிப் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை. வடக்கே கொஞ்சம் போனால் ராஜபாளையம். 2005-ல் தபால்தலையிலேயே ஏறிவிட்டது ராஜபாளையம் நாய். ஆனால் அவையெல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் ஆனவை. அயலாரோடு சட்டென்று ஒட்டாது. "ஜாதியைப் பார்க்காதீர்கள், குணத்தைப் பாருங்கள்" என்றார் நண்பர். தோணி எந்த ஜாதியும் இல்லாத சுத்தமான தெரு நாய்.

பயிற்சியை நான் என்னவோ சர்க்கஸ் மாதிரி நினைத்திருந்தேன். பார்த்தால், செய்யக் கற்றுக்கொடுப்பதைவிடச் செய்யாமலிருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அதிகம். குதிக்கக் கூடாது. முகத்தை நக்கக் கூடாது. கீழே விழுந்த மாத்திரையை எடுத்துத் தின்னக் கூடாது. ஊன்றுகோல் தடாலென்று விழுந்தால் மிரளக் கூடாது. நடுங்குகிற கை காதைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்திவிட்டால் உறுமக் கூடாது. நல்ல நடத்தைக்கென்று அமெரிக்காவில் 1989-ல் பத்துச் சோதனைகள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அந்நியர் வந்து எஜமானோடு பேசும்போது சாந்தமாக இருப்பது, கூட்டத்துக்குள் நடப்பது, இன்னொரு நாயைக் கண்டால் பாயாமலிருப்பது, எஜமான் மறைந்தாலும் அலறாமலிருப்பது, இப்படி. அந்தப் பத்தையும் என் மகள் ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அதில் எத்தனையில் நான் தேறுவேன் என்று என் மனைவி கணக்குப் போட்டாள். அது இங்கே வேண்டாம்.

இரண்டே சொற்களை வைத்துக்கொண்டோம்: 'விடு', 'இரு'. 'விடு' சுலபம். அவித்த சாளை மீனைக் கைக்குள் மூடிக் காட்ட வேண்டியது. அவன் முகர்வான், பிறாண்டுவான். எப்போது அலுத்துப்போய் முகத்தைத் திருப்புகிறானோ அந்தக் கணத்தில் 'விடு' என்று சொல்லி மறு கையிலிருந்து கொடுத்துவிட வேண்டியது. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது. இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். அவனைக் கருவாட்டுக் கடைகள் வழியாக நடத்திக்கொண்டு போய் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. நெத்திலியும் வாளையும் மலைபோல் குவிந்து கிடக்க, அவன் வாயில் எச்சில் வடிய வடிய என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான். கடைக்கார அம்மாள் ஒருத்தி, "எங்க வீட்டு மனுஷனுக்கு இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றாள். இதற்கு நடுவே அண்ணாச்சி ரகசியமாக மக்ரூன் ஊட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. முந்திரியும் சர்க்கரையும் நாய்க்கு ஆகாது என்று டாக்டர் அவரைக் கோபித்துக்கொண்டார். "மக்ரூன் ஆகாத ஜீவனும் இந்த ஊரில் உண்டா?" என்று அண்ணாச்சி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

'இரு' என்பதுதான் கஷ்டம். மாலையில் ரோச் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். கடற்காற்று, ஐஸ்கிரீம் வண்டி, பந்து விளையாடுகிற பிள்ளைகள். 'இரு' என்று சொல்லிவிட்டு இரண்டு அடி நகருவேன், திரும்புவேன், கொடுப்பேன். பிறகு மூன்று அடி. அவசரப்பட்டு ஒரு நாள் இருபது அடி போய்விட்டேன். அவன் எழுந்து ஓடி வந்தான். நான் கத்தினேன். மறுநாள் 'இரு' என்றதுமே காதை மடக்கிக்கொண்டான். "அந்த வார்த்தையை நீங்களே கெடுத்துவிட்டீர்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார் டாக்டர். பத்து நாள் போயிற்று. வீட்டில் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்குக் கொண்டு வந்து நானே உட்கார்ந்து உருட்டினேன். எவர்சில்வர் டம்ளர்களைக் கீழே போட்டேன். பனிமய மாதா கோவில் மணி அடிக்கிற நேரத்தில் வாசலுக்கு எதிரே நிற்க வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு தடவை காதை நிமிர்த்துவான், அப்புறம் என்னைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவன் பழகவில்லை. மழைக்கு.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கிய ராத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் போய் மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு நடுங்கினான். டாக்டர் காரணம் சொன்னார். ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் எழுதியிருக்கிறார்கள்: பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையில் நாய்க்குட்டி எதைச் சிநேகமாகப் பார்க்கிறதோ அது கடைசிவரை சிநேகம். அந்த வயதில் பதிகிற பயமும் அப்படித்தான் என்றார் டாக்டர். தோணியின் அந்த நாட்களில் அந்த வெள்ளம் இருந்தது. மழைச் சத்தத்தை மிக மெல்லியதாக ஒலிக்க வைத்து, சாப்பாட்டோடு சேர்த்து, மாதக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று சொன்னார். டெலிபோனில் மழைச் சத்தத்தை வைத்து நான் ஒரு பன்னிரண்டு நாள் செய்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். இந்த ஊரில் மழை எத்தனை நாள் பெய்துவிடப் போகிறது?

2025 மார்ச்சில் முதல் தடவையாக இல்லத்துக்குப் போனோம். கடலோரமாகக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற சிறிய இடம் அது. வெறிநாய்க் கடி ஊசி உள்பட எல்லா ஊசிகளுக்கும் சீட்டு, குடல்புழு மருந்துக்குச் சீட்டு எல்லாம் காட்டினேன். நகம் வெட்டி, குளிப்பாட்டிக் கொண்டுபோயிருந்தேன். சிஸ்டர் முதலில் ஒவ்வொருவரிடமும் போய், நாய் வரலாமா என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பக்கமே நாங்கள் போகவில்லை. புண் ஆறாதவர்கள் பக்கமும் போகவில்லை. மற்றவர்களில் சிலர் தொட்டார்கள்; சிலர் தூரத்திலிருந்து 'ச்சூ ச்சூ' என்றார்கள். ஒரு பாட்டி, இருபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தன் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தோணி வேறு பெயருக்கும் போனான்.

கடைசி வராந்தாவில் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர். அகலமான மார்பு, காதில் பஞ்சு. யாரோடும் பேச மாட்டார் என்றார் சிஸ்டர். காது கேட்காததால் பேச்சு குறைந்ததா, பேச்சு குறைந்ததால் கேட்க முயற்சிப்பதை விட்டாரா, அவருக்கே வெளிச்சம். அவர் கை நீட்டி நாயைத் தொடவில்லை. நான் பிடித்திருந்த கயிற்றைத் தொட்டார். பருத்திக் கயிறு அது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "முறுக்கு பத்தாது" என்றார்.

அந்த வராந்தாவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லையாம்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். கடைசி முத்துக்குளிப்பில் குதித்தவர் அவர். எங்கள் ஊரில் 1955-லிருந்து 1961 வரை சர்க்கார் முத்துக்குளிப்பு நடத்தியது. 1961-க்குப் பிறகு நடக்கவே இல்லை. அப்போது அவருக்குப் பதினெட்டு வயசு. பிறகு முப்பது வருஷம் சங்கு குளித்தார். அதில் போனதுதான் காது. முத்து இருக்கிற இடத்துக்குப் 'பார்' என்று பெயர். கல்லைக் கட்டிய கயிற்றின் வளையத்தில் காலை வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஐந்து பாகம், எட்டுப் பாகம் ஆழம். தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நிமிஷமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ, மூச்சு இருக்கிறவரை சிப்பியை வாரிப் பையில் போட வேண்டியது. பிறகு இடுப்புக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார்.

"மேலே கயிறு பிடிக்கிறவர் யார்?" என்று அவர் காதருகே கத்தினேன். தெரிந்த விஷயந்தான். இந்தக் கடற்கரையில் எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்க ஆசை.

"மச்சான்" என்றார். "பொஞ்சாதிக்குக் கூடப்பிறந்தவன். வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டோம். அக்கா தாலி அவன் கையிலலா இருக்கு."

இதையெல்லாம் சொல்லும்போது தோணியின் கயிறு அவர் கையில் இருக்கும். அவன் அவருடைய பாதத்தில் மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருப்பான். சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். பெரியவர் இரண்டு இட்டிலி கூடச் சாப்பிடுகிறார் என்றார். ராத்திரி தூங்குகிறார் என்றார். நான் பூரித்துப்போனேன். இருபது நிமிஷம் என்று ஆரம்பித்தது முக்கால் மணியாயிற்று. வாரத்துக்கு ஒரு நாள் என்பது மூன்று நாளாயிற்று. மற்ற அறைகளிலும் கேட்டார்கள், போனோம். "அதிகம் வேண்டாம், கொட்டாவி விடுகிறானா, உதட்டை நக்குகிறானா, முகத்தைத் திருப்புகிறானா, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாய் களைப்பாலும் கலக்கத்தாலும் காட்டுகிற ஜாடைகள் அவை. நார்வே நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இவற்றைப் பற்றி எழுதிய புஸ்தகத்தையே நான் படித்திருக்கிறேன். தோணி கொட்டாவி விட்டான். வெயில் காலம், தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். இல்லத்துக்கு வெளியே வந்ததும் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உதறிக்கொள்வான். காற்றுக்கு என்று நினைத்தேன். படித்த புஸ்தகம் அலமாரியில் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு புதன்கிழமை காலை மூட்டம் போட்டிருந்தது. வாசல் கேட்டில் தோணி நின்றுவிட்டான். 'வா' என்றேன், வந்தான். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து கால் மணி ஆகியிருக்கும். தகரக் கூரையில் மழை இறங்கியது. கேட்டவர்களுக்குத் தெரியும், தகரத்தில் விழுகிற முதல் மழை எப்படி இருக்கும் என்று. தோணி எழுந்தான். "இரு" என்றேன். இருந்தான். அதைத்தான் என்னால் இப்போதும் ஜீரணிக்க முடியவில்லை. அவன் இருந்தான். அத்தனை நாள் சாளை மீன் கொடுத்துச் சொல்லித் தந்த அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பெரியவரின் காலடியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அவன் பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். சாரல் என்று நினைத்தேன். பெரியவர் நல்ல கதை ஒன்றை ஆரம்பித்திருந்தார். எழுத்தாளனுடைய புத்தி அதில் இருந்தது.

அவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். மழைச் சத்தம் அவருக்குக் கேட்காது. ஆனால் கயிறு தெரியும்.

"ஏ தம்பி, அவன் கயித்த ஆட்டுதான். நீ பாக்கலியா?"

"மழைக்குப் பயம், ஐயா. சரியாகிவிடும்" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. குனிந்து, விறைப்பான விரல்களால் கொஞ்ச நேரம் தடவிக் கழுத்துக் கொக்கியைக் கழற்றிவிட்டார். "போலே" என்றார் நாயிடம். தோணி போனான். ஓடவில்லை, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, சுவர் ஓரமாக, சமையலறைப் பக்கம் போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நுழைந்துகொண்டான்.

அப்புறம் பெரியவர் சொன்னார். அவருடைய மச்சான் நல்லவன். ஒரு நாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவனோடு ஏதோ பேச்சு, பீடிக்கு நெருப்பு. கீழே இவர் ஆட்டுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை. மச்சான் கவனிக்கவில்லை. மேலே வந்தபோது மூக்கிலும் வாயிலும் ரத்தம். மச்சான் தோணிப் பலகையில் தலையை முட்டிக்கொண்டு அழுதானாம்.

"அப்புறம் கயிற்றை யாரிடம் கொடுத்தீர்கள்?"

"அவன்கிட்டதான். வேற யாருகிட்டக் குடுக்க?" என்றார். "அதுக்கப்பறம் அவன் கயித்துல கை வச்சா வாயத் தொறக்க மாட்டான்."

மழை விட ஒரு மணி நேரமாயிற்று. நான் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. தோணியாகத்தான் வந்தான்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதம் முழு ஓய்வு என்றார். பிறகு மாதம் இரண்டு தடவை, இருபது நிமிஷம், மேகம் இல்லாத நாளில் மட்டும். மழைச் சத்தப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். காதில் விழுந்தும் விழாததுமான அளவில், ஒரு துண்டுச் சாளையோடு. அது என்றைக்கு முடியுமோ, முடியாமலே போகுமோ. இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டோம்: இல்லத்து வாசல் கேட்டில் அவன் நின்றுவிட்டால் 'வா' என்று சொல்வதில்லை. அப்படியே திரும்பி வந்துவிடுவது.

போன வாரம் அப்படி நின்றுவிட்டான். மேகமும் இல்லை, மழையும் இல்லை. என்ன காரணமோ, அவனுக்கு இஷ்டமில்லை. வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். நாய் இல்லாமல் அந்த வராந்தாவில் நுழைவதற்கு எனக்கு என்னவோ கூச்சமாயிருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பெரியவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க அவன்?"

"இன்றைக்கு வரவில்லை என்றுவிட்டான், ஐயா."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்து ஸ்டூலில் இருந்த தம்ளரையும் துண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, நீ உக்காரு" என்றார்.

எனக்கு அன்று பத்திரிகைக்கு ஒரு கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.